கீழ் டிவிசனின் சராசரி எடை

சராசரி பார்க்கிற உத்தியோகம் என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கூட்டி வகுப்பது என்று நினைப்பவர்கள், ஒருநாள் என் பையைத் தூக்கிக்கொண்டு இறக்குவானை பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் இரத்தினபுரியில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு அந்த வேலை. தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளை நிறுத்து, வயதுக்கு இருக்க வேண்டிய எடையில் எவ்வளவு குறைகிறது என்று சராசரி எடுத்துக் கொடுக்க வேண்டும். இறக்குவானைக்கு அப்பால் ஒரு தோட்டம். மேல் டிவிசனில் தேயிலை, கீழ் டிவிசனில் இறப்பர் மரம். பிள்ளைகளுக்குத் தினமும் கஞ்சியும் அவித்த கடலையும் கொடுக்கிற நிலையம் ஒன்று அங்கே வரவிருந்தது. ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் எந்த டிவிசனில் மெலிவோ அங்கே வைப்பார்கள். இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றால், பாதை நன்றாக இருக்கிற மேல் டிவிசனுக்குப் போய்விடும்.

கீழ் டிவிசன் பிள்ளைகளின் கைகால்களைக் கண்ணால் பார்த்தவள் நான். "அங்கேதான் வைக்க வேண்டும்" என்று அலுவலகத்தில் வாயை விட்டவளும் நான்தான். அன்றைக்கு வாயை விட்டதற்கு மாதக் கணக்கில் அலைந்தேன்.

கொக்கி வைத்த பை

எங்கள் தராசு தொங்கவிடுகிற வகை. வட்டமான முகம், அதில் ஒரு முள், கீழே ஒரு இரும்புக் கொக்கி. குண்டுப் பயம் இருந்த அந்த யுத்த காலத்தில் பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாத உருவம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. ஆமிக்காரர் ஒருவர் ஏறி, அடையாள அட்டைகளில் பெயரைப் பார்த்துக்கொண்டே வந்து, தமிழர்களான என்னையும் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேரையும் இறங்கச் சொன்னார். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். பையைத் திறந்ததும் அவர் ஓரடி பின்னால் போனார்.

தராசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பயத்தில் நான் முழுப் பாடத்தையும் சிங்களத்தில் ஒப்பித்தேன். பிள்ளைகளை நிறுக்கப் போகிறேன், எல்லோரையும் நிறுக்க மாட்டோம், கொஞ்சப் பேரைப் பொறுக்கி நிறுத்து அதை வைத்து மற்றவர்களைப் பற்றியும் முடிவு செய்வோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தராசைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, சிரிக்காமல் தன் பாஷையில் சொன்னது இது: "நாங்களும் அப்படித்தான் மிஸ். எல்லாரையும் இறக்க மாட்டோம். கொஞ்சப் பேரைப் பொறுக்கித்தான் இறக்குவோம்."

பால்மா டின்னில் சீட்டு

யாரை நிறுப்பது என்று நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் மனசு அந்தப் பக்கம் சாயும். அதனால் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சீட்டில் எழுதி, டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். கீழ் டிவிசனில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பிரட்டு முடிந்த கையோடு, வேலைக்குக் கிளம்பிய பெண்களை நிறுத்திவைத்து அவர்கள் முன்னாலேயே குலுக்கினேன். நியாயமாக நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

அவர்களுக்குத் தெரிந்தது வேறு. பெயர் விழுந்தவர்களுக்கு ஏதோ கிடைக்கப் போகிறது என்று பாதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு ஊசி போடப் போகிறார்கள் என்று மீதிப் பேர் கலங்கினார்கள். இறப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற செல்வி என்ற பெண்ணின் மகள் சுகந்தியின் பெயர் விழுந்தது. கத்தியும் வாளியுமாக நின்ற செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "வாரா வாரம் சுவீப் டிக்கட் எடுக்குறேன், ஒருநாளும் ஒரு பரிசும் விழல. இந்தக் கருமத்துக்குத்தான் விழணுமா?"

பவுடர் போட்ட பிள்ளைகள்

நிறுக்கிற நாளன்று, தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவின் உத்திரத்தில் தராசைக் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா, பெயர் விழுந்தவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார். கன்னம் கன்னமாகப் பவுடர், தீபாவளிச் சட்டை, கொழுகொழுவென்று கால்கள். கொக்கியில் மாட்டிய ஒவ்வொரு தடவையும் முள் நான் எதிர்பார்த்ததைத் தாண்டிப் போனது. மத்தியானம், ஏற்கெனவே நிறுத்திருந்த மேல் டிவிசன் கணக்கோடு ஒப்பிடக் கல்குலேட்டரில் கூட்டி வகுத்தேன். இன்னொரு தடவை வகுத்தேன். கீழ் டிவிசன் பிள்ளைகள் மேல் டிவிசன் பிள்ளைகளைவிடப் பாரம்! கண்ணால் பார்த்தது பொய்யா? நான் வாயை விட்டதால் இல்லாத மெலிவைப் பார்த்தேனா?

கடைசியாகச் சுகந்தி என்று நிறுத்த பிள்ளை இன்னும் அங்கேயே விளையாடிக்கொண்டிருந்தது. "சுகந்தி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூலையில், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குச்சிப் பிள்ளை எழுந்து நின்றது. அதுதான் சுகந்தி. பெயர் விழுந்த மெலிந்த பிள்ளைகளுக்குப் பதிலாக, லயத்து வரிசை வீடுகளில் இருப்பதிலேயே கொழுத்த பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். போதாதற்கு மேல் டிவிசனில் கட்டிக்கொடுத்த தங்கச்சிமாரின் பிள்ளைகளையும் இரவல் வாங்கியிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்த செல்வியிடம் அழாத குறையாகக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. அவளுக்கு நான் கேட்டதுதான் விசித்திரமாக இருந்தது. "ஆபீஸ்லேருந்து ஆளு வந்தா கிழிஞ்ச பாயவா மிஸ் விரிப்போம்? இருக்கறதுல நல்லதத்தானே விரிப்போம்!"

வெறும் வயிறு

என் மேலதிகாரி குணபால சார் திட்டவில்லை. "இன்னொரு தடவை போ, இனிமேல் பிழை வரக் கூடாது" என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இந்த முறை நான் கீழ் டிவிசன் பெண்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் மெலிந்திருந்தால்தான் கஞ்சி நிலையம் இங்கே வரும், உள்ள பிள்ளையை உள்ளபடி கொண்டுவாருங்கள் என்றேன். சொல்லி முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த பயம் பிடித்தது. இனி எல்லோரும் மெலிந்த பிள்ளையாகவே அனுப்பினால்? ஆகவே ஆள் மாறாமல் இருக்க, எல்லாப் பிள்ளைகளையும் பிள்ளைக்காம்பராவில் உட்காரவைத்து, அங்கேயே குலுக்கி, அங்கேயே நிறுப்பது என்று முடிவு செய்தேன். மேல் டிவிசனிலும் அப்படியே செய்தேன்.

கீழ் டிவிசனில் போய் உட்கார்ந்தால், பிள்ளைகளின் சத்தத்தையே காணோம். ஓடவில்லை, சண்டை பிடிக்கவில்லை, சுருண்டு கிடந்தன. காலையிலிருந்து ஒன்றுமே கொடுக்கவில்லையாம். எடை குறைய வேண்டுமாம்! எனக்கு வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவில்லை. கடையிலிருந்து பணிஸ் ரொட்டி எடுப்பித்து, தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்து, தின்று முடித்த பிறகுதான் தராசைத் தொட்டேன். ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்தினால் இந்தத் தராசில் பெரிதாக ஒன்றும் தெரியாது, வீணாகப் பிள்ளைகளை வாட்டாதீர்கள் என்று ஆயாவிடம் சத்தம் போட்டேன். அவர் ஒரு பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஒருவேள பட்டினி தெரியாதுங்கிறீங்க. அப்ப தராசுல இப்ப தெரியுதே மிஸ், இது எத்தன வேளப் பட்டினி?"

தற்செயல்

இந்த முறை கீழ் டிவிசன் குறைவாகவே வந்தது. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். குணபால சார் கெட்ட மனுசர் அல்ல. கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வித்தியாசம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்தால் மட்டும் இப்படி ஒரு வித்தியாசம் வந்திருக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் அப்படி வர இடமிருந்தால் அவர் ஏற்க மாட்டார். கணக்குப் போட்டார். ஐந்தை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. தற்செயலாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று மாதம் போகட்டும், இன்னும் கூடுதலான பிள்ளைகளை நிறுத்துக்கொண்டு வா என்றார். அவர் சொன்னது கணக்குப்படி சரி. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இதை லயத்தில் போய்ச் சொல்ல வேண்டுமே! இரண்டு நாள் வார்த்தை தேடினேன். கடைசியில், உங்கள் பிள்ளைகள் மெலிவாக இருப்பது தற்செயலாக நடந்ததாகவும் இருக்கலாம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள் என்று சொன்னேன். செல்வி சுகந்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், சீப்பை நிறுத்தவில்லை. "தற்செயல்னா அந்தப் பக்கமும் விழும், இந்தப் பக்கமும் விழும். அப்ப ஒரு தடவையாவது எங்களுக்கு நல்லதா விழுந்திருக்கணுமே மிஸ்?"

மூன்றாம் முறை

அந்த இடைப்பட்ட மாதங்களைப் பற்றி என்ன சொல்ல? யாராவது இறக்குவானைப் பக்கமிருந்து வந்தால், அங்கே மழை எப்படி என்று விசாரிப்பேன். மழை பெய்தால் மரம் நனையும், பால்வெட்டு இல்லை, வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமில்லை. மழை விட்டிருக்கிறது, நல்ல வேலை என்று ஒருவர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. பலாக்காய் காய்த்துவிட்டதாம், லயத்தில் எல்லோரும் அவித்துத் தின்கிறார்களாம் என்று கேட்டு ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள் என்ற செய்திக்குக் கவலைப்பட்ட ஜென்மம் இந்த மாகாணத்திலேயே நானாகத்தான் இருக்கும்.

கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. மழை விட்டது சில நாட்கள்தான், பிறகு விடாமல் பிடித்துக்கொண்டது. போன தடவை விழுந்த சுகந்தியின் பெயர் மூன்றாம் முறை குலுக்கியபோதும் விழுந்தது. கொக்கியில் மாட்டினேன். முள் போன தடவை நின்ற இடத்துக்குக் கூட வரவில்லை. வளர வேண்டிய பிள்ளை இறங்கியிருந்தாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்று மூச்சுகூட விட்டேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன், என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. தூக்கி இறக்கிவிட்டபோது கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. குணபால சார் இந்த முறை கணக்குப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "இது தற்செயல் இல்லை" என்றார். நிலையம் கீழ் டிவிசனுக்கு என்று முடிவாயிற்று.

அடுத்த பஸ்ஸிலேயே போனேன். வழியெல்லாம் மழை. செல்வி வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே சந்தோஷப்படவில்லை, நான் சொன்னதில் ஏதோ பிழை இருக்கும் என்பதுபோல் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சுகந்தியைத் தூக்கி என் பக்கம் காட்டி, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்: "அப்ப எம்புள்ள பாஸா மிஸ்?"

ஒரு பிள்ளை மெலிய மெலிய அதிகப் புள்ளி போடுகிற பரீட்சையை நேர்மையாக நடத்திக் கொடுத்ததற்காக, அந்த வருடம் என் உத்தியோகம் நிரந்தரமாயிற்று.