கம்பெனி சைஸ் டயர்

மழைக்கு முன்னால் காருக்குப் புது டயர் போட்டுவிட வேண்டும் என்று என் கணவர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மனுஷர் போகப்போகிறார், டயராம் டயர்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அதுக்கென்ன, போட்டுடலாமே" என்றேன். அவர் போகப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம்.

அறுபதுகளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். டாக்டர் நோயாளியிடம் எதையும் சொல்ல மாட்டார். கூட வந்த ஆண்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார். எங்களோடு வந்திருந்த என் அண்ணாவை வராந்தாவுக்கு அழைத்துப்போய், வயிற்றில் புற்று, முற்றிவிட்டது, இந்த வருஷம் தாண்டாது என்று சொல்லிவிட்டார். அண்ணா உள்ளே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லை மாப்பிள்ளை, வெறும் அல்சர்" என்றார். அன்று முதல் வீட்டில் காரம் கிடையாது, மோர் சாதம்தான். மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் பூராவும் விஷயம் தெரியும். மாடி வீட்டு மாமியிலிருந்து கோயில் குருக்கள் வரைக்கும், "அல்சர் எப்படியிருக்கு?" என்று அவரிடம் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போய் உங்கள் வீட்டில் அழுங்களேன்!

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பார்சிக்காரரிடம் பழசாக வாங்கிய கறுப்புக் கார். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு இன்ஜினீயர் வேலை. தினமும் அதில்தான் போய் வருவார். அது போதாதென்று, வருஷா வருஷம் மே மாதம் என்னையும் எங்கள் ஒரே பெண்ணையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்வரை ஓட்டிக்கொண்டே போவார். ரயில் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் இருக்காது. குண்டும் குழியுமான ரோட்டில் அடி தட்டாமல் இருக்க, காருக்கென்று உள்ள கம்பெனி சைஸை விட்டுவிட்டு ஒரு சைஸ் பெரிய டயராகத்தான் போடுவார். அதனால் ஸ்டியரிங் உரல் மாதிரி கனக்கும் என்று அவரே சொல்வார். "இந்த உரலை நான் திருப்பறேன், உனக்கென்ன?" என்பார். ஒவ்வொரு தடவை டயர் மாற்றும்போதும் எங்களுக்குள் பெரிய சண்டை நடக்கும். யாருக்காக இத்தனை செலவு, ரயிலில் போனால் கிரீடம் இறங்கிவிடுமா என்று நான் கடைவாசலில் வைத்தே கேட்பேன்.

இந்தத் தடவை அண்ணா என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டார். "அவர் என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு நிக்காதே. அவருக்குச் சந்தேகம் வந்துடப்போறது." சரி என்றேன். பெண்ணை மாடி வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினோம்.

அவர் எப்போதும் டயர் வாங்குவது தாராவியில், திருநெல்வேலிக்காரர் ஒருவரின் கடையில். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கார் நின்றதும் கடையிலிருந்து இறங்கி வந்தவர் என் கணவரைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"வாங்க சார், வாங்கம்மா. என்ன சார், இப்பிடி மெலிஞ்சு போயிட்டிய?"

"அல்சர்" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"அதுக்கென்னம்மா, மணத்தக்காளிக் கீரை வச்சுக் குடுங்க, சரியாப் போயிரும்." ஸ்டூலைத் துடைத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். "புது டயரு கெடைக்கதே இப்பக் குதிரைக் கொம்பா இருக்கு. ஆனாலும் சார் வருவாகன்னு பெரிய சைஸு எடுத்து வச்சிருக்கேன்."

உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் சாய்த்தார். புது ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. என் கணவர் குனிந்து, டயரின் மேல் வரிகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார், நகத்தால் அழுத்தினார், ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு முட்டிக்கொண்டு தெரிந்தது. எதையாவது பேசியாக வேண்டும் என்று, குரலில் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"ஏன்னா, இதையே வாங்கிடுங்கோ. நாலையும் மாத்திடலாம். அடுத்த மே மாசம் ஊருக்குப் போக வேண்டாமா?"

அவர் கை டயரிலேயே நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. கம்பெனி சைஸே கொடுங்கோ."

"என்ன சார் இப்பிடிச் சொல்லுதிய? போன தடவ பெருசுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னிய. சின்ன டயரு ஊர் ரோட்டுக்குக் காணாதுல்லா?"

"ஊருக்குப் போகப்போறதில்லே. இனிமே இவதான் ஓட்டுவா. பெரிய டயர் போட்டா ஸ்டியரிங் கனக்கும். இவ கைக்கு ஆகாது."

நான் அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. "அம்மா டிரைவிங் படிக்காகளா?" என்று சிரித்த அண்ணாச்சி, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயோ, என்ன கோபம் வந்தது எனக்கு! எத்தனை நாள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதிருக்கிறேன். யாரிடமிருந்து மறைத்தேனோ அந்த மனுஷர் ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்கு எந்த டயர் தோது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டயர் மாற்றிக்கொண்டு திரும்பும்போது, சயான் தாண்டியதும்தான் கேட்டேன்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"சந்தேகம் ரொம்ப நாளாவே இருந்தது. இன்னிக்கு நிச்சயமாச்சு." அவர் ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தார். "டயர் வாங்கறச்சே சண்டை போடாத ஆம்படையாள் எனக்கு எப்போ கிடைச்சா?"

நான் வாய்விட்டு அழுதேன். நடு ரோடு, பக்கத்தில் பஸ் போகிறது, ஜனங்கள் பார்க்கிறார்கள் என்றெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அவர் காரை ஓரமாக நிறுத்தி, நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "உன் அண்ணா காதிலே இதைப் போட்டுடாதே. பாவம், பொய் சொல்ல வராத மனுஷன். எனக்காக ரொம்ப சிரமப்பட்டுச் சொல்லிண்டிருக்கார்."

மறுநாள் காலையிலிருந்தே பாடம் ஆரம்பித்துவிட்டது. ஆள் நடமாட்டம் குறைந்த தெருவாகப் பார்த்து ஓட்டச் சொல்வார். குரல் மட்டும் அவருக்கு மெலியவே இல்லை. "கிளட்ச்! கிளட்ச்சை மிதிடீ!" என்று அவர் கத்துகிற கத்தலில் பால்கனிகளில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நானும் சளைக்காமல் திருப்பிக் கத்துவேன். ஒரு நாள் திருப்பத்தில் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "அழுதுண்டே ஓட்டாதே, ரோடு தெரியாது" என்று அவரே மேல்துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். "குழந்தையை வச்சுண்டு நீதான் எங்கேயும் போயாகணும். யாரையும் கூப்பிட்டுண்டு நிக்கக் கூடாது." எனக்கு லைசென்ஸ் வந்த அன்று அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. படுத்தபடியே அதை வாங்கி, என் போட்டோ கண்றாவியாக இருக்கிறது என்றார்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் வலி தாங்க முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். இடது பக்க சீட்டில் சாய்ந்துகொண்டு, வழி முழுக்க என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்திலும் கத்தவில்லை. கத்துங்களேன், ஏதாவது தப்புச் சொல்லுங்களேன் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அண்ணா வாசலிலேயே காத்திருந்தார். கட்டிலில் படுக்க வைத்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்சர்தானே மாப்பிள்ளை, நாலு நாள்லே ஆத்துக்குப் போயிடலாம்" என்றார். சொல்லும்போது சுவரைத்தான் பார்த்தார்.

"ஆமாம், போயிடலாம்" என்றார் என் கணவர், அண்ணாவின் கையைத் தட்டிக்கொடுத்தபடி. பிறகு என் பக்கம் திரும்பி, திரும்பிப் போகும்போது மழையில் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காதே என்றார். சரி என்றேன். அன்று வீட்டுக்கு நான் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.