மலைக்குத் தைச்ச கூடாரம்

நான் பொய் சொல்லுறவள் இல்லை. குருநகரிலை என்னைத் தெரிஞ்ச ஆரையும் கேட்டுப் பாருங்கோ. வாய்க்காரி எண்டு சொல்லுவினம், பொய்க்காரி எண்டு சொல்லமாட்டினம். இந்தக் கதையை இதுவரைக்கும் மூண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்கிறன். இரண்டு பேர் சிரிச்சவை. மூண்டாவது ஆள் அண்டையிலை இருந்து நண்டு தின்னுறேல்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டால் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுப் படியுங்கோ.

1983ஆம் ஆண்டு, சித்திரை மாதம். எனக்குக் கலியாணம் கட்டி எட்டு மாதம். அவர் பேர் கனிசியஸ், கடல்தொழில். நானும் கடல்தொழில்காரன்ரை மகள்தான். ஆனால் பிறந்த நாள் தொட்டு எனக்கு மீன் வெடுக்கு ஆகாது. தலைமயிரிலை வெடுக்கு, தலையணையிலை வெடுக்கு, குடிக்கிற தேத்தண்ணியிலையும் வெடுக்கு. நான் ஓங்காளிச்சுக்கொண்டு கிணத்தடிக்கு ஓடினால் பக்கத்து வீட்டுச் சனம் வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, "என்ன றோஸ், ஏதும் விசேஷமோ?" எண்டு கேக்கும். விசேஷமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாத்தம்!

கலியாணப் பேச்சு நடக்கேக்கையே அவரிட்டைச் சொன்னனான். "எனக்குச் சீலை வேண்டாம், சங்கிலி வேண்டாம். ஒரே ஒரு கிழமை மீன் மணம் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆசை தீர மூச்சு விட்டிட்டு வாறன்."

"அப்ப நுவரெலியா," எண்டார். பள்ளிக்கூடத்திலை சாரணர் படையோடை அங்கை போய், கூடாரம் அடிச்சுக் கிடந்தவராம். அந்தச் சந்தோசம் அவருக்கு அண்டைக்கும் அடங்கேல்லை. "பாதர் ஒரு கடிதம் தந்தால் மிசன் வளவுக்குள்ளை கூடாரம் அடிக்கலாம் றோஸ். இரவிலை பல்லுக் கிடுகிடுக்கும். விடிய எழும்பிப் பாத்தால் முகில் காலடியிலை நிக்கும்."

"மீன்?"

"கருவாட்டு மணமும் இல்லை. மாதா சத்தியமா."

நான் அந்த நிமிசமே மலை ஏறிட்டன். உயிர்த்த ஞாயிறு முடிய, ஏப்பிரல் 11, திங்கட்கிழமை, காலமை ரெயிலுக்கு ரிக்கற் எடுத்தாச்சு. பாதர் கடிதம் தந்திட்டார். அற்புதராணி மாமியிட்டை இரண்டு சுவெற்றர் இரவல் வாங்கி, குருநகர் வெக்கையிலை போட்டுப் பாத்து வேர்த்து விறுவிறுத்தம். மண்ணெண்ணெய் அடுப்பு, கேத்தில், ரோச் லைற், நுளம்புத்திரி எண்டு ஒரு பெரிய லிஸ்ற் எழுதிச் சுவரிலை ஒட்டினம். இல்லாதது ஒண்டே ஒண்டுதான். கூடாரம்.

பெரிய வெள்ளிக்கு எங்கடை ஆக்கள் கடலுக்குப் போகாயினம். வலையும் மெசினும் வைக்கிற எங்கடை வாடிக்கு வியாழக்கிழமை பூட்டுப் போட்டது. திறப்பு எங்கடை வீட்டு மாதா படத்துக்குப் பின்னாலை தொங்கினது. சனிக்கிழமை காலமை அவர் போய்த் திறந்தவர். அரை மணித்தியாலத்திலை ஒரு பெரிய துணிப் பொட்டலத்தைத் தோளிலை போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு வாறார்.

"றோஸ்! கூடாரம் கிடைச்சிட்டுது!"

காத்துக்குக் கட்டுற வள்ளத்துப் பாய். மெசின் வர முதல் எங்கடை அப்பாமார் ஓடின காலத்துப் பாய். வலைக்கு மேலை மடிச்சபடி கிடந்ததாம். நல்லா நனைஞ்சு கிடந்ததாம்.

"பூட்டின வாடிக்குள்ளை ஆர் கொண்டு வந்து வைச்சது?"

"எனக்கென்ன தெரியும்? ஆரின்ரையோ பழசு. இப்ப பாய் ஆருக்கப்பா வேணும்?"

அதிலையே நான் நிப்பாட்டியிருக்க வேணும். மலை ஆசை என்ரை வாயைக் கட்டிப்போட்டுது.

மணத்தைச் சொல்லுறன், பொறுங்கோ. மீன் நாத்தத்திலை எனக்குத் தெரியாதது இல்லை. பழுதான சூடை, புழுத்த கருவாடு, வெய்யிலிலை கிடந்த திருக்கை எல்லாம் எனக்குத் தெரியும். இது மீன் இல்லை. இனிச்சுது. அழுகின பலாப்பழத்துக்கை உப்புத்தண்ணி விட்ட மாதிரி ஒரு இனிப்பு, தொண்டைக்குழியிலை போய்க் குந்திக்கொண்டுது. சீ… எழுதேக்கையே மூக்கைப் பொத்துறன்.

கிணத்தடியிலை மூண்டு தரம் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சன். நுரை வரேல்லை. தண்ணிக்கு மேலை எண்ணெய் வட்டம் வட்டமா மிதந்தது. கொடியிலை போட்டன். சித்திரை வெய்யில், கல்லும் வெடிக்கும். திங்கள் காயேல்லை. செவ்வாய் காயேல்லை. புதன் பின்னேரமும் கீழ் நுனியாலை மஞ்சள் தண்ணி… சொட்டு… சொட்டு… இலையான் கறுப்பா மொய்ச்சுது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து அந்தத் துணியை நக்கினது. கல்லெறிஞ்சாலும் போகேல்லை. கண்ணை மூடிக்கொண்டு நக்கினது.

"கடலிலை கிடந்த துணி. உப்பு ஊறியிருக்கும். அப்பிடித்தான்," எண்டார் அவர்.

அந்தப் பாயிலை எனக்குப் பிடிச்சது ஒண்டே ஒண்டு. நடுப்பக்கத்திலை ஒரு கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்தது. பச்சைச் சீத்தைத் துணி, வெள்ளைப் பூ. பொம்பிளைச் சட்டைத் துணி. சிவப்பு நூலாலை சின்னச் சின்னத் தையல், அவ்வளவு கவனம். ஆரோ ஒருத்தி புருசனுக்காகத் தைச்சிருக்கிறாள் எண்டு நினைச்சன்.

வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் இருந்து சாக்கூசியாலை கரை மடிச்சுத் தைச்சம். அந்தப் பச்சை ஒட்டிலை சிவப்பு நூல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கினது. கத்தரிக்கோல் எட்டவாக் கிடந்தது. தையல் தெரிஞ்ச எவளும் செய்யிற வேலைதான், குனிஞ்சு பல்லாலை கடிச்சுத் துண்டிச்சன். உப்புக் கரிச்சுது. ஒட்டுக்குப் பின்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா ஏதோ ஒட்டிக் கிடந்தது. நகத்தாலை சுரண்டி எறிஞ்சிட்டுத் துப்பினன்.

வெள்ளிக்கிழமை, ஏப்பிரல் 8. அங்கை போய் முழிக்கக் கூடாது, ஒரு இரவு வளவுக்கை படுத்துப் பாப்பம் எண்டார். முருங்கைக்கும் கிணத்துத் தூணுக்கும் வெள்ளை நைலோன் கயிறு கட்டி, பாயை மேலாலை போட்டு, கரைக்குக் கல்லு வைச்சார். உள்ளை பெட்சீற் விரிச்சன். லாம்பை முருங்கைக் கொப்பிலை தூக்கினம்.

6.50க்கு உள்ளை போனம்.

7.20. வெளியிலை சரசர எண்டு ஒரு சத்தம். ரோச் அடிச்சுப் பாத்தன். நண்டு. சின்னச் சின்ன நண்டு. கடல் எங்கடை வளவிலை இருந்து இருநூறு யார் தூரம். ஒருநாளும் உள்ளை வந்ததில்லை. கூடாரத்தைச் சுத்தி வரிசையா நிண்டுதுகள். எல்லாத்தின்ரை கண்ணும் எங்கடை பக்கம். இரண்டு மூண்டு துணியிலை ஏறி, கிள்ளிக் கிள்ளி… வாயிலை வைச்சுதுகள்.

"அரியண்டம்! கூட்டி எறியுங்கோ!" எண்டு கத்தினன். அவர் தும்புத்தடியாலை கூட்டித் தள்ளினார். திரும்ப வந்துதுகள்.

7.45. மேலையிருந்து என்ரை கன்னத்திலை ஒரு சொட்டு. தண்ணி மாதிரி ஓடேல்லை. வழிஞ்சுது. இளஞ்சூடு.

"நான் வீட்டுக்கை போறன்," எண்டன்.

"பொறுமப்பா. நுளம்புத்திரி கொளுத்தினால் மணம் போயிடும். எடுத்துக்கொண்டு வாறன்."

மணிக்கூட்டைப் பாத்தன். 8.05. அவர் குனிஞ்சு வெளியிலை போனார். செருப்புச் சத்தம் வீட்டுப் பக்கம் போனது.

நான் கண்ணை மூடேல்லை. சத்தியமா மூடேல்லை.

துணி கீழை இறங்கினது. கயிறு இளகிட்டுதாக்கும் எண்டு கையாலை தள்ளினன். கை வழுக்கினது. துணியிலை பசை.

கால்மாட்டிலை துணி மடிஞ்சுது. என்ரை காலுக்குக் கீழாலை போனது.

பிறகு முதுகுக்குக் கீழாலை…

ஆரோ அவசரமில்லாமல் என்னைப் புரட்டிச்சினம். குழந்தையைத் துணியிலை சுத்துற மாதிரி. ஒரு சுத்து. இரண்டு சுத்து.

கத்த வாயைத் திறந்தன். துணி வாய்க்குள்ளை வந்தது. அந்த இனிப்பு… நாக்கிலை…

பாதத்திலை ஒரு இறுக்கம். கிறீச்… கயிறு இழுக்கிற சத்தம்.

இடுப்பிலை. கிறீச்…

கழுத்திலை…

என்ரை வலது முழங்கைக்கு மேலை ஒண்டு உறுத்தினது. சின்னச் சின்னத் தையல். அந்தப் பச்சை ஒட்டு.

"றோஸ்!"

அவர் கத்தினது கேட்டுது. வலை வெட்டுற கத்தியாலை அறுத்து என்னை வெளியிலை இழுத்தார். நான் முத்தத்து மண்ணிலை கிடந்து குடல் வெளியிலை வாற மாதிரிச் சத்தி எடுத்தன். மணி 8.13.

"நித்திரையிலை உருண்டிட்டீர்," எண்டார். 

"உருண்டவள் வெளிப்பக்கத்தாலை முடிச்சும் போட்டனானோ?"

அவர் லாம்பைக் கிட்டப் பிடிச்சார். மூண்டு முடிச்சு. கறுத்த, தார் பூசின பழைய கயிறு. எங்கடை வெள்ளைக் கயிறு முருங்கைக்கும் தூணுக்கும் நடுவிலை கட்டினபடியே, வெறுமையாக் கிடந்தது.

இரவு முழுக்க நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு செபமாலை சொன்னம். விடிய 6.30க்கு ஒழுங்கை முடக்கிலை இருக்கிற மரியநாயகியக்கா என்ரை சத்தத்தை விசாரிக்க வந்தவ. அவவின்ரை மனுசன் சந்தியோகு, அஞ்சு வரியத்துக்கு முதல் கடலிலை போன ஆள். வளவுக்கை கிடந்த பாயைக் கண்டிட்டு அவ அப்பிடியே நிண்டா. கிட்டப் போய்க் குந்தி, பச்சை ஒட்டைத் தடவினா.

"பிள்ளை, இதை எங்கை எடுத்தனீங்கள்?"

"வாடிக்குள்ளை, அக்கா."

"இது வாடியிலை இருக்கேலாது. இதோடைதான் அவரைக் கல்லறையிலை தாட்டது."

ஏழாம் நாள்தான் சந்தியோகுவைக் கடலிலை கண்டெடுத்தவையாம். பாயிலை போட்டுச் சுத்தித்தான் வள்ளத்திலை ஏத்தினதாம். கரைக்கு வந்து பிரிக்கப் பாத்தால் பிரிக்கேலாது. துணியோடை ஒட்டிப்போச்சு. பாதத்திலை, இடுப்பிலை, கழுத்திலை கறுத்தக் கயிறு கட்டி, அப்பிடியே பெட்டிக்கை வைச்சு மூடினதாம்.

என்ரை மனுசன் ஓடிப்போய்ப் பாதரைக் கூட்டிவந்தார். எல்லாருமாச் சேமக்காலைக்குப் போனம். சந்தியோகுவின்ரை கல்லறை சீமெந்து பூசினது. ஒரு வெடிப்பு இல்லை. ஒரு கீறல் இல்லை.  பக்கத்திலை கிடங்கு வெட்டிப் பாயைத் தாட்டம், பாதர் தீர்த்தம் தெளிச்சார்.

திங்கட்கிழமை ரெயில் எங்களை விட்டிட்டுப் போனது. என்ரை வயித்திலை பச்சைத்தண்ணி தங்கேல்லை. ஆகஸ்ட் லீவுக்குப் போவம் எண்டார் அவர். அதுக்கு முதல் ஆடிக் கலவரம் வந்தது. அதுக்குப் பிறகு எங்கடை சனத்திலை ஆர் மலை பாக்கப் போனது?

இப்ப நான் சுவிஸிலை இருக்கிறன். சன்னலைத் திறந்தால் மலைதான். முகில் உண்மையாவே காலடியிலை நிக்குது. கடல் இல்லை, மீன் இல்லை, வீட்டுக்கை கருவாடு வர விடுறதில்லை. ஒரு கிழமை கேட்டனான், கடவுள் இருபது வரியத்துக்கு மேலை தந்திருக்கிறார். ஆனால் நான் இன்னும் ஆசை தீர ஒரு மூச்சு விடேல்லை. ஒரு நாளைக்கு ஆறு தரம் பல்லுத் தீட்டுறன். பல்லு டொக்டர் ஒண்டுமில்லை எண்டு சொல்லுறார்.

ஏனெண்டால், அண்டைக்குச் சேமக்காலையாலை திரும்பி வரேக்கை நான் மரியநாயகியக்காவிட்டை ஒரு கேள்வி கேட்டனான். கேட்டிருக்கக் கூடாது.

"அக்கா, அந்தப் பச்சை ஒட்டு நீங்கள் அவர் கடலுக்குப் போக முதல் போட்டதோ?"

"இல்லைப் பிள்ளை," எண்டா. "கரைக்குக் கொண்டு வந்த பிறகு. பாய் கிழிஞ்சு அவரின்ரை முழங்கை வெளியிலை தெரிஞ்சுது. தோல் உரிஞ்ச கை. சனம் முழுக்கப் பாக்குது, எனக்கு மனம் கேக்கேல்லை. என்ரை சட்டையைக் கிழிச்சு அவருக்கு மேலையே வைச்சுத் தைச்சன். அவசரத்திலை ஊசி எங்கை போகுது எண்டு பாக்கேல்லை. துணியோடை சேத்து அவரையும் தைச்சுப்போட்டன் பிள்ளை. நூலை அறுக்கவும் விடேல்லை, பெட்டியை மூடிட்டினம். ஒரு விரல் நீளத்துக்கு அப்பிடியே தொங்கினது."