கருப்பண்ணன் குறை சொன்ன வீடு

கருப்பண்ணனிடம் எதைக் காட்டினாலும் முதலில் ‘ப்ச்’ என்பார். கொல்லிமலையில் இருபத்தெட்டு வருடம் மிளகுத் தரகு பார்த்தவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஒரு பழக்கம். சந்தையில் யாராவது மூட்டையைப் பிரித்தால் ஒரு கை அள்ளுவார், உள்ளங்கையில் தேய்ப்பார், ஊதுவார், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். மிளகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகம் வேப்பெண்ணெய் குடித்தாற்போலச் சுருங்கும். “ஈரம் போவலீங்களே” என்பார். ஈரம் போயிருந்தால் பிஞ்சு கலந்திருக்கிறது என்பார். இரண்டுக்கும் வழியில்லை என்றால் சாக்கு நைந்திருக்கிறது என்று சாக்கைக் குறை சொல்வார். விற்க வந்தவர் மனம் விட்டுப்போய் கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறங்கிய பிறகுதான் இவர் டீக்கடைப் பக்கம் திரும்புவார்.

இதைச் சந்தையோடு விட்டிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. கல்யாண வீட்டுப் பாயசத்துக்கும் அதே ‘ப்ச்’தான். பெண் பார்க்கப் போன அன்று அத்தாயியைப் பார்த்தும் அந்தச் சத்தம் வந்தது என்று அவருடைய பங்காளிகள் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தாயி அதற்குச் சிரித்ததில்லை.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அவர்கள் வீடு எடப்புளி நாட்டில், பஸ் ரோட்டிலிருந்து இறக்கத்தில் ஒரு மைல் தள்ளி இருந்தது. போவது இறக்கம் என்றால் வருவது ஏற்றம். அத்தாயிக்கு நாலைந்து வருடமாக வலது முட்டி சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி நாலு பேர் கட்டிலோடு ரோடு வரைக்கும் தூக்கினார்கள். வழுக்கலில் கட்டிலின் முன்காலைப் பிடித்தவன் ஒரு தடவை அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிழைத்துத் திரும்பியதும் அத்தாயி சொன்னாள்:

“இனியொருக்கா என்னைய நாலு பேரு தூக்கறதுன்னா அது கடைசியாத் தூக்கறதா இருக்கட்டுங்க. அதுக்கு முன்ன ரோட்டோரமா ஒரு ஊடு பாருங்க.”

அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவள் அல்ல என்பது கருப்பண்ணனுக்குத் தெரியும். முதல் தடவை கேட்டவை எல்லாம், அடுப்படிக்குக் கேட்ட ஜன்னல் உட்பட, அப்படியே கிடக்கின்றன என்பதும் தெரியும். இந்தத் தடவை அவருக்குப் பயம் வந்துவிட்டது.

மாசியில் ஒரு வீடு அமைந்தது. வளப்பூர் நாட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே, ரோட்டிலிருந்து ஆறு படி இறங்கினால் வாசல். ஓட்டு வீடு, முன்னால் ஒரு பலாமரம். வீட்டுக்காரர் சின்னமுத்து அறுபதைத் தாண்டியவர், கொஞ்சம் ரோஷக்காரர். நாமக்கல்லில் வேலை பார்க்கும் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று விற்க நினைத்தார். கருப்பண்ணனுக்கு வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் ‘ப்ச்’ வழக்கத்தைவிடச் சத்தமாகவே வந்தது.

“என்ன வெல சொல்றீங்கண்ணா?”

“எழுவதாயிரம்.”

“ஓடெல்லாம் பாசி புடிச்சிருக்குதுங்களே. நாப்பத்தஞ்சுன்னா பேசலாமுங்க.”

“நாப்பத்தஞ்சுக்குப் பலாமரத்தை வேணும்னா வெட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு, சின்னமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சந்தையில் இப்படி முறுக்கிக்கொண்டு போகிறவர்கள் அரைமணி நேரத்தில் திரும்பி வருவார்கள். அந்த நம்பிக்கையில் கருப்பண்ணன் பலாமரத்தடியில் நின்றார். வந்தது சின்னமுத்து இல்லை, அவர் மனைவி மாராயி. ஆட்டுக்குத் தழை போடுகிற சாக்கில் வந்தவள் ஆட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஏனுங்க தம்பி, சமையக்கட்டுக்குள்ள போயிப் பாத்தீங்களா? பொகை போறதுக்கு வழியே இல்லீங்க. கண்ணு அவிஞ்சு போவும். கொறை சொல்றவிய அதையும் சேத்துச் சொல்லுங்க.”

எதிராளியின் வீட்டுக்குள்ளிருந்தே துப்பு வருகிறது. இதைவிட ஒரு தரகருக்கு என்ன வேண்டும்? பாவம், விவரம் தெரியாத பொம்பளை என்று நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறிய பிறகும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த வாரம் புகையைச் சொன்னார். சின்னமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. “என்ற ஊட்டுலயா பொகை?” என்று எழுந்து போனார். அடுப்பு எரிகிற நேரத்தில் அவர் அந்தச் சமையற்கட்டுக்குள் கால் வைத்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும். இருமிக்கொண்டே வெளியே வந்தவர் விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கருப்பண்ணன் இரண்டாயிரம் ஏற்றி நாற்பத்தேழு என்று சொல்லிவிட்டு, வெற்றி பெற்றவராக பஸ் ஏறினார். மாராயி படிக்கட்டு வரை வந்து, பின்பக்கத்துச் சுவர் ஓதம் ஏறிப்போயிருப்பதைச் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் தடவை போனபோது சமையற்கட்டுக் கூரையில் புதுப் புகைபோக்கி, பக்கவாட்டில் ஒரு ஜன்னல்.

“போயி நின்னு பாருங்க. பொகை இருந்தாச் சொல்லுங்க” என்றார் சின்னமுத்து. “இப்ப வெல எழுவத்தி மூணு.”

கருப்பண்ணன் அசரவில்லை. பின்பக்கத்துச் சுவரை விரலால் சுரண்டி, உதிர்ந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து, மிளகைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். “நாலு மழை தாங்குமுங்களா?” என்றார். நாலாம் தடவை போனபோது அந்தச் சுவர் சிமெண்டு பூசி வெள்ளையடித்து நின்றது. விலை எழுபத்தேழு. அன்றைக்கு மாராயி சொல்லிக்கொடுத்தபடி, தண்ணீர் எடுக்கக் கீழே ஊற்று வரை போக வேண்டியிருக்கிறதே என்றார். ஐந்தாம் தடவை போனபோது கொல்லையில் குழாய் வந்திருந்தது.

வீட்டில் அத்தாயி ஒவ்வொரு தடவையும் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பாள்.

“என்னாச்சுங்க?”

“எறங்கி வந்துருவாப்ல. இன்னும் ஒரே ஒரு தடவை.”

“எறங்கறாரு எறங்கறாருன்னு சொல்றீங்க. வெல ஏறிக்கிட்டே போவுதேங்க. ஊடு புடிச்சிருக்குதுன்னு சொல்லிக் கேட்டுப் பாருங்களேன்.”

“தரகு பாத்தது நீயா நானா?”

அத்தாயி முட்டியைத் தேய்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, முழ உயர வாசல்படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து உள்ளே போனாள். கருப்பண்ணன் மனசுக்குள் அந்த வீட்டின் மிச்சக் குறைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்தாம் தடவையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். குழாயைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றவரிடம் மாராயி மெல்லச் சொன்னாள்: “எனக்கு முட்டி ஆவறதில்லீங்க தம்பி. இந்த ஆறு படியும் ஆளுக்கொரு ஒசரம். ஒரு சாணுக்கு மேல இருந்தா என்னால ஏற முடியலீங்க. புடிச்சுக்க ஒரு கம்பி இருந்தாத் தேவலை.”

அன்று கருப்பண்ணன் பேசியது போல வாழ்நாளில் பேசியதில்லை. தரகர் குரலில் இல்லாத ஒரு கரகரப்பு அதில் இருந்தது. “முட்டி வலிக்காரங்களுக்கு இந்தப் படி எமனுங்கண்ணா. ஒரு சாணுக்கு மேல படி வெக்கலாமுங்களா? புடிக்க ஒரு கம்பி வேண்டாமுங்களா? பொம்பளைங்க இதுல தெனம் எத்தனை தடவை ஏறி எறங்கறாங்கன்னு நெனைச்சுப் பாத்தீங்களா?”

சின்னமுத்து படியைப் பார்த்தார். பிறகு மாராயியின் காலைப் பார்த்தார்.

ஆனி முடிய ஒரு வாரம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் வீடு வாங்குகிற பேச்சையே எடுக்க முடியாது. அதற்குள் மழையும் தொடங்கிவிடும். கட்டிலும் நாலு பேரும் கருப்பண்ணனின் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். இரண்டு மாட்டை விற்றார். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஆறாம் தடவையாகப் போனார். என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

படியெல்லாம் புதுசு. ஒன்றைப் போல ஒன்று, அளந்து வைத்தாற்போல ஒரு சாண் உயரம். ஓரத்தில் இரும்புக் குழாயில் கைப்பிடி. அதைப் பிடித்து இறங்கும்போது, அத்தாயி இப்படி இறங்கினால் எப்படியிருக்கும் என்று நினைத்து நடுப்படியில் ஒரு நிமிஷம் நின்றார். பழத்தைச் சின்னமுத்துவின் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஊடு நல்லா இருக்குதுங்கண்ணா” என்றார். அதைச் சொல்ல வாய் கூசியது. “நீங்க சொல்ற வெலையே குடுத்தர்றேனுங்க.”

சின்னமுத்துவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வினை அங்கேதான் வந்தது.

“அப்பக் கொறை ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க லேசுல ஒத்துக்கறவிய இல்லையே.”

“சத்தியமா ஒண்ணுமில்லீங்கண்ணா.”

“அதைத்தானுங்க நானும் ரெண்டு நாளா ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கறேன். ஒரு கொறையும் இல்லாத ஊட்டை எதுக்குங்க விக்கோணும்? மாராயியும் நாமக்கல்லுக்கு வல்லைங்கறா. மன்னிச்சுக்கோணும், நாங்க இங்கயே இருந்துக்கறோமுங்க.”

கருப்பண்ணன் ஐந்தாயிரம் கூட்டினார், பிறகு பத்து கூட்டினார். சின்னமுத்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தரகர்கள் ஒருநாளும் செய்யக்கூடாததைக் கருப்பண்ணன் செய்தார். தன் தேவையைச் சொன்னார். அத்தாயியின் முட்டி, ஒரு மைல் ஏற்றம், கட்டில், வழுக்கல் எல்லாவற்றையும் சொன்னார்.

சின்னமுத்து நிஜமாகவே வருத்தப்பட்டார். “இதை மொதல்ல வந்தப்பவே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? அம்மிணி கஷ்டத்துக்குன்னா மாசியிலயே நாப்பத்தஞ்சுக்கு விட்டிருப்பேனே.”

டீ வந்தது. அதைக் குடித்தாரா இல்லையா என்று கருப்பண்ணனுக்கே பிற்பாடு ஞாபகமில்லை. படியேறி ரோடு வரைக்கும் மாராயி கூட வந்தாள், கையில் ஒரு பலாப்பழத்தோடு.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. பத்து வருசமாச் சொல்லிச் சொல்லி என்ற வாயே வத்திப்போச்சு. பொண்டாட்டி சொன்னா அது தொணதொணப்பு. வெலைக்குக் கேக்க வந்த ஆளு சொன்னா மானம் போவுது, உடனே கொத்தனாரைக் கூட்டியாறாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போவுங்க.” பழத்தை அவர் தோளில் ஏற்றிவிட்டாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு சுலபமாகப் படியிறங்கிப் போனாள்.

வீடு கேட்கப் போனவர் பலாப்பழத்தோடு ஒரு மைல் இறங்கினார். ஊரில் மூன்று பேர் பழம் என்ன விலை என்று கேட்டார்கள். அத்தாயி வாசலில் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை, கோபிக்கவும் இல்லை. சுளை எடுப்பதற்காகக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவமானமாக இருந்தாலும் கருப்பண்ணன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“பொகைபோக்கி வெச்சுட்டாருங்களா?”

“வெச்சுட்டாரு.”

“குழாயும் வந்துருச்சு.”

“வந்துருச்சு.”

“படி ஒரு சாணுதானுங்களா? கம்பியும் போட்டிருக்குதா?”

“ம்.”

“அந்த ஒரு சாணு கணக்கெல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குது.”

அத்தாயி ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி அவர் கையில் கொடுத்தாள். அடுத்த சுளையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஏனுங்க, சந்தையில உங்களாட்டத் தரகருங்க நாலு பேரைத் தெரியுமில்லீங்க? நம்ம ஊட்டையும் வெலைக்குக் கேக்க ஒருத்தரை வரச் சொல்லுங்க. ஆறு தடவையெல்லாம் வேண்டாம், ரெண்டு தடவை வந்தாப் போதும்.”