இரண்டு டன் பதில்

புகார் சொல்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே ஏசிக்காரர் ஸ்டூலில் ஏறி முதல் ஸ்க்ரூவைக் கழற்றியிருப்பார். “சொல்லுங்க, காது இங்கதான் இருக்கு” என்பார். வாயில் ஸ்க்ரூ இருப்பதால் அது “ஹொல்லுங்க” என்றுதான் கேட்கும். மூடி, வலை, விசிறி எல்லாம் தரைக்கு வந்தபிறகு, ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனதைத்தான் சொல்ல வந்ததாக வீட்டுக்காரர் சொல்வார். ஏசிக்காரர் அசர மாட்டார். “மத்தவங்க கேட்டுட்டுக் கழட்டுவாங்க. நான் கழட்டிட்டுக் கேப்பேன். தொழில்ல இது ஒரு தனி ரகம் சார்.”

அவர் வீட்டு ஏசி மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அடியில் ஒரு நீல வாளி. “ஊர்ல எல்லார் வீடும் குளுகுளுன்னு இருக்கு. நம்ம வீட்ல வாளிதான் ரொம்புது” என்பாள் மனைவி. “அதுவும் குளிர்ந்த தண்ணிதானே” என்பார் இவர்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருநாள் அந்த ஏசிக்கு நேராக நின்று கேட்டாள். “அப்பா, இப்பவே இவ்வளவு வெயில். நான் உங்க வயசுக்கு வர்றப்ப எப்படிப்பா இருக்கும்? நெனச்சா பயமா இருக்கு.”

ஏசிக்காரர் யோசிக்கவே இல்லை. “இதுக்குப் போயா பயப்படறே? ஒன்றரை டன் பத்தலைன்னா ரெண்டு டன் போட்டுக்கலாம்மா.”

அவள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழேதான் தூக்கம். அப்பாவுக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு “ம்”. சாப்பிட்டியா? ம். பரீட்சை எப்படி? ம். கம்ப்ரசர் நின்றுபோனால் காது வைத்தே கண்டுபிடிப்பவருக்கு இந்த ‘ம்’ பிடிபடவில்லை. இதுவும் நின்றுபோனால் என்ன செய்வது என்ற யோசனையில், ஸ்டூலில் நிற்கும்போதெல்லாம் கழற்றிய ஸ்க்ரூவையே திரும்ப மாட்டினார். வேலைக்குப் போன வீடுகளில் அவரே சொல்லிக்கொண்டார்: “ரெண்டு டன்னுன்னு சொன்ன வாய் சார் இது. எல்லா வீட்டுக்கும் ஸ்டெபிலைசர் மாட்டறேன், இந்த வாய்க்கு ஒண்ணு மாட்டலை.”

மனைவி அவரைப் பள்ளியின் ஆலோசகர் அம்மாவிடம் இழுத்துப் போனாள். இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு இப்போது வெயிலும் மழையும் கவலை ஆகிவிட்டன என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. ஏசிக்காரர் சுவரோரம் அண்ணாந்து நின்று அந்த அறை ஏசியின் மூடியைத் திறந்திருந்தார்.

“சார், அதைச் சரிபண்ணச் சொல்லி நான் கேக்கலையே.”

“கடகடன்னு சத்தம் வருதுங்க மேடம்.”

“வரட்டும். வீட்லயும் இப்படித்தானா?”

“அச்சு அசலா இதேதான் மேடம்” என்றாள் மனைவி.

“அவளுக்கு மிஷின் வேணாம் சார். பயமா இருக்குன்னு சொன்னா, அதை முழுசாச் சொல்லி முடிக்க விடுங்க. பதில் அப்புறம் பாத்துக்கலாம்.”

அன்று மாலையே ஏசிக்காரர் ஒத்திகையோடு வந்தார். மகள் தட்டில் கை வைத்ததும் தலையைச் சாய்த்து, “அப்படியா கண்ணு?” என்றார்.

“அப்பா, நான் இன்னும் எதுவுமே சொல்லலை.”

மனைவிக்குப் புரையேறியது. மகளின் உதட்டோரமும் லேசாக அசைந்தது. அவருக்கு அது போதும்.

மறுநாள் ஞாயிறு. ஒருவழியாகத் தன் வீட்டு ஏசியைப் பார்க்க ஸ்டூலில் ஏறினார். மூடி கழன்றது. மகள் வந்து, வாளியைக் காலால் தள்ளிவிட்டு, அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“எதிர் பில்டிங் பின்னாடி பாத்திருக்கீங்களா? வரிசையா அவுட்டோர் யூனிட். எல்லாச் சூடும் கீழ சந்துலதான் விழுது. வாட்ச்மேன் தாத்தா அங்கதான் உக்காந்திருக்காரு. அதுல பாதி நீங்க மாட்டினது. உங்களைக் குத்தம் சொல்லலைப்பா. ஆனா சில நாள், எதுக்குப் படிக்கறேன்னே தெரியலை...”

ஏசிக்குப் புதிதாக வந்திருக்கும் கேஸ் பழையதைவிடப் பூமிக்குக் கெடுதல் குறைவு என்ற செய்தி தொண்டை வரை வந்தது. வாயிலிருந்த ஸ்க்ரூக்களுக்குப் பின்னால் அதை விழுங்கினார். இறங்கி, ஸ்க்ரூக்களைத் துப்பி ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

திறந்து கிடந்த ஏசி சொட்டியது. வாளி அங்கே இல்லை. தரையில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. ஏசிக்காரர் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.