சாயாத படுக்கை

ஒல்லாந்தர் கப்பலில் பாய்க்கயிறு இழுத்த காலத்தில் திசைகாட்டிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். வளையத்துக்குள் வளையம். கப்பல் எப்படிப் புரண்டாலும் நடுவிலிருந்த கிண்ணம் மட்டமாகவே நிற்கும். அரைகுறையாகப் படித்த எனக்கு அது புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒவ்வொரு வளையமும் தன் முளைகளில் ஒரே வாக்கில்தான் புரளும். ஒன்றுக்குக் குறுக்காக இன்னொன்றைப் பொருத்தினால், கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கிண்ணம் தப்பித்துக்கொள்ளும்.

பசியாவரத்தில் படகைக் கரையேற்றும்போது உருளைக்கட்டை நழுவி, படகு என் மனைவியின் இடுப்பில் சாய்ந்தது. எலும்பு கட்டுகிற வைத்தியர் ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டில் இருந்தார், நடக்க முடியாதவர். ஆட்டாமல் கொண்டுவரச் சொல்லியனுப்பினார். வாடைக்காற்றில் ஏரி புரண்டுகொண்டிருந்தது.

மூங்கிலில் இரண்டு சட்டம் கட்டினேன். படகின் முன்னும் பின்னும் கம்பம் நட்டு, வெளிச்சட்டத்தை நீளவாக்கில் முளையடித்துத் தொங்கவிட்டேன். உள்சட்டத்தை அதற்குள் குறுக்குவாக்கில். உள்சட்டத்தில் கட்டிய படுக்கை முளைகளுக்குக் கீழே தாழ்ந்து தொங்கவேண்டும், இல்லையென்றால் கவிழ்ந்துவிடும்.

"இன்னா மச்சான், என் தங்கச்சிக்கு ஏணை கட்டிட்டியா?" என்றான் படகு தள்ள வந்த அவள் அண்ணன்.

"நீ தாலாட்டு பாடு. தூங்குவா."

"அண்ணன் பாடுனா மீனெல்லாம் ஓடிப்பூடும்யா" என்றாள் அவள், படுத்தபடியே.

படகு ஆடியது, படுக்கை ஆடவில்லை. அலை மேலும் கீழுமாகத் தூக்கிப்போட்டதை மட்டும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடித்தாள். பாதி வழியில் முகம் வெளுத்துவிட்டது.

"நம்ம கரை தெரியுதாயா?"

"தெரியுது."

"எனக்கு வானந்தான் தெரியுது. கொஞ்சம் சாச்சுக் காட்டேன்."

சாயக்கூடாது என்றே செய்த படுக்கை. உள்சட்டத்தின் கால்மாட்டை அழுத்தினேன். அது என் கையை எதிர்த்துத் தள்ளியது. அவள் முனகினாள்.

"உட்டுடவா?"

"வாணாம். அப்படியே புடி."

பார்த்துக்கொண்டே இருந்தாள். "காயவெச்ச மீன அப்படியே போட்டுட்டு வந்துட்டியேயா. காக்கா எறங்குது பாரு."

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் அப்புறம் பேசவில்லை. கண் கரைமேலேயே இருந்தது, இமைக்கவில்லை.

கையை எடுத்தேன். படுக்கை மெல்லத் திரும்பி மட்டத்துக்கு வந்து நின்றது.

"படகத் திருப்பட்டுமா மச்சான்?"

சரியென்று தலையசைத்தேன். அந்தச் சட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. முளைகளைப் பிடுங்கி, அவளைப் படகின் அடிப்பலகையில் இறக்கினோம். அதன்பிறகு படகோடு சேர்ந்து அவளும் ஆடினாள். கரை வரும்வரை அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.