சிவப்புத் தொப்பிக்குப் பின்னால்

என் மனைவியின் அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் க்யூ அக்கா. எனக்கும் அவர் அக்காதான். மனைவி எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே நாமும் கூப்பிட்டுவிட்டுப் போவது வீட்டுக்கு நல்லது. இந்த நகரத்தில் புதிதாக ஒரு பர்கர் கடையோ பீட்சா கடையோ திறந்து, முதல் நாளே வாசலில் கூட்டம் முட்டி மோதுகிறது என்று நீங்கள் கேள்விப்பட்டால், அதில் பாதிப் பேர் அக்காவின் ஆட்கள். கூலிக்கு நிற்பவர்கள். மீதிப் பேர், அவர்கள் நிற்பதைப் பார்த்துத் தாங்களாகவே வந்து பின்னால் ஒட்டிக்கொண்ட உங்களைப் போன்ற புத்திசாலிகள்.

என்னைச் சேர்க்காதீர்கள். எனக்குக் க்யூ என்றாலே ஆகாது. நான் லிப்ட் மெக்கானிக். ஜனங்கள் நிற்கிற நேரத்தைக் குறைப்பது என் பிழைப்பு, கூட்டுவது அக்காவின் பிழைப்பு. "நீ சீக்கிரம் மேல அனுப்புறவன், நான் மெதுவா முன்னாடி அனுப்புறவ" என்று என் கல்யாணத்தன்றே எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கியவர் அவர்.

அக்கா இந்தத் தொழிலுக்குப் படித்துவிட்டு வரவில்லை. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸைத் தவறவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கி ஒரு புது ஐஸ்கிரீம் கடையின் வாசலில் நின்றார். கடைக்காரர் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த ஒருவர் அக்காவுக்குப் பின்னால் நின்று, "நல்லா இருக்குமா?" என்று கேட்டாராம். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "அதான் நிக்கிறேன்ல" என்று சொல்லிவிட்டார் அக்கா. போதாதா? அடுத்த பஸ் வருவதற்குள் வரிசை தெருமுனை தாண்டி வளைந்துவிட்டது. அக்கா பஸ்ஸில் ஏறினார். கடைக்காரர் தலைகால் புரியாமல் பஸ்ஸின் பின்னாலேயே ஓடிவந்தார். "நாளைக்கும் வருவீங்களாம்மா?"

மறுவாரம் பொத்தானுக்கு ஒரு கும்பிடு.

தொழில் வளர வளர அக்கா சட்டதிட்டமெல்லாம் போட்டுவிட்டார். வருகிறவர் பசியோடு வர வேண்டும். "வயிறு நிறைஞ்சா முகம் தூங்கிடும். பசிச்ச முகத்தைப் பார்த்தாத்தான் பார்க்கறவனுக்கும் பசிக்கும்" என்பார். பசியோடு வந்தாலும் அங்கே வாங்கிச் சாப்பிடக் கூடாது. கவுன்ட்டர்வரை போய்விட்டு, "ஐயோ, பர்ஸை வண்டியிலேயே விட்டுட்டேன்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டு விலக வேண்டும். அல்லது போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். முனை திரும்பியதும் சட்டையையோ துப்பட்டாவையோ மாற்றிக்கொண்டு மறுபடியும் கடைசியில் வந்து நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் எதையும் கேட்கக் கூடாது. எந்தக் கடை, என்ன விற்கிறார்கள், ஒன்றும் தெரிய வேண்டாம். முகவரி ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் டிரில் மாஸ்டர். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஓய்வு பெற்று, இப்போது தானே வரிசையில் நிற்கிறார். தலையில் சிவப்புத் தொப்பி. மற்றவர்களுக்கு அக்கா சொல்வது தெருப் பெயரும் இன்னும் ஒரு வரியும்தான்: "சிவப்புத் தொப்பிக்குப் பின்னால நில்லுங்க."

நகரத்தில் அக்கா நிற்காத கடை வாசல் இல்லை. எந்தக் கடையிலும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டதும் இல்லை.

இனி என் மனைவி. அவள் பல வருஷம் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைத்தவள். உப்பில்லாமல், காரமில்லாமல், எண்ணெய் இல்லாமல், கடைசியில் ருசியும் இல்லாமல் வேகவைத்து வேகவைத்து நொந்துபோனவள். "செத்துப் போறதுக்குள்ள உப்புப் போட்டு ஒரு பொருள் விக்கணும்" என்று வேலையை விட்டாள். எங்கள் முன்னறை ஜன்னல் நேரே தெருவைப் பார்த்து இருக்கும். கம்பியை அறுத்துப் பலகை பொருத்தினேன். சூடான கல்லில் முட்டையை ஊற்றி, வெங்காயமும் மிளகும் தூவி, மேலே ரொட்டியைக் கவிழ்த்து, வெண்ணெயில் மொறுமொறுவென்று திருப்பி, சீஸ் உருகும்போது மடித்துத் தருவாள். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் தொப்பையைப் பார்த்தால் நம்புவீர்கள்.

ஆனால் ஒருவரும் வரவில்லை. வாசனைக்கு நடை தளரும், தலை திரும்பும், ஜன்னலில் ஆள் நிற்கவில்லை என்று கண் பார்க்கும், கால் போய்விடும். நாங்களும் ஈ ஓட்டப் பார்த்தோம். வெங்காய நெடிக்கு ஈயும் வரவில்லை.

அக்கா கேள்விப்பட்டு ஓடிவந்தார்.

"ஒரே ஒரு நாள் என் ஆளுங்களை அனுப்பறேன்டி. அப்புறம் உன் கையே பார்த்துக்கும்."

"வேணாம். என் சாப்பாட்டுக்கு நடிக்க ஆள் வேணாம். ஒருத்தர் வந்தாலும் நிஜமாப் பசிச்சு வரட்டும்."

"பசிக்கிறவனுக்கு முதல்ல கடை கண்ணுல படணும்ல?"

"நீ ஒரு ஆளை இங்க நிறுத்தினேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே ஜன்னலைச் சாத்திட்டு கேன்டீனுக்குத் திரும்பிடுவேன். அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

கோபம் வந்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் வரும், அக்காவுக்கு அதற்கும் மேல். குடிக்கக் கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மனைவி கேன்டீனுக்குப் போன் போட்டுவிட்டாள். சனிக்கிழமைவரை பார்ப்பது, இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடி உப்பில்லாத உலகம்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே பெரிய பர்கர் கடை திறந்தது. பலூன் என்ன, பாட்டு என்ன! அதற்கு ஆள் நிறுத்தும் ஒப்பந்தம் அக்காவுடையது. எப்போதோ கொடுத்த வாக்கு. எனக்கு மட்டும் போனில் சொன்னார். "அவ கிட்டச் சொல்லாத. என் ஆளுங்க எதிர்ப்பக்கம் நிக்கறதை அவ பார்க்கப்போறாளேன்னு நினைச்சாலே அசிங்கமா இருக்கு." நான் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

காலையில் லீவு போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு குரல். "ஒண்ணு கொடும்மா. மிளகு கொஞ்சம் தூக்கலா."

முதல் வாடிக்கையாளர்! மனைவிக்கு வாயெல்லாம் பல். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புத் தொப்பி.

பக்கத்துக் கதவு வழியாக ஓடிப்போய் டிரில் மாஸ்டரின் காதைக் கடித்தேன். "சார், உங்க இடம் எதிர்ப்பக்கம்!"

"தெரியும் தம்பி. சீக்கிரமே வந்துட்டேன். வாசனை இழுத்துடுச்சு. அக்கா வர்றதுக்குள்ள ஒண்ணு சாப்பிட்டுட்டுப் போயிடறேன், காட்டிக் கொடுத்துடாதீங்க."

அந்த நேரம் பார்த்து அடுப்பு மக்கர் பண்ணியது. சிலிண்டரை மாற்ற நான் உள்ளே ஓடினேன். மாஸ்டர் காத்திருந்தார். மாற்றி முடித்துத் தலையை வெளியே நீட்டினால், அவருக்குப் பின்னால் ஒரு அம்மா. அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு ஜோடி. அவர்களுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டும் ஒருவர். அவருக்குப் பின்னால், அவருக்கும் பின்னால்... அக்காவின் படை மொத்தமும் வந்து, நிமிர்ந்தே பார்க்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல், அத்தனை பயிற்சியோடும் எங்கள் ஜன்னலில் நின்றது. சொன்ன சொல் தட்டாத ஜனங்கள்! படைக்குப் பின்னால், புத்திசாலிகளும் வந்து ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். எதிரே பலூன்களுக்கு நடுவில் பர்கர் கடை மேனேஜர் தன்னந்தனியாக டை கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மாஸ்டருக்குப் பின்னால் நின்ற அம்மாவின் முறை வந்தது. மனைவி ஆசையாக, "என்ன வேணும்மா?" என்றாள்.

"ஐயோ, பர்ஸை வண்டியிலேயே விட்டுட்டேன்!"

அடுத்து ஜோடி. புருஷனுக்குப் போன் வந்தது. போன் மட்டும் சத்தம் போடவே இல்லை. மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். இவ்வளவு பாசமாக வெங்காயத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அக்கா தெருமுனையில் வந்தார். கையில் மூடிய கறுப்புக் குடை. அந்தக் குடையைத் தலைக்கு மேல் தூக்கினால் 'வரிசை கலைந்து இடம் மாறு' என்று அர்த்தம். படை மொத்தமும் ஓரக்கண்ணால் குடையையே பார்த்தது. மேனேஜர் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டோ ஆட்டு என்று ஆட்டினார்.

அக்கா குடையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். உள்ளே தங்கை, வியர்த்து வழிந்து, கன்னத்தில் மிளகும் வெண்ணெயுமாக, கல்லுக்கும் ரொட்டிக்கும் நடுவில் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தாள். குடையைத் தூக்கினால் அத்தனை பேரும் அவள் கண் முன்னாலேயே கலைந்து எதிர்க்கடைக்கு நடப்பார்கள். அதற்குமேல் அவள் ஒரு நாளும் ஜன்னலைத் திறக்க மாட்டாள். இது அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்கா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நேராக வரிசையின் வாலுக்குப் போய், கடைசியாக நின்ற தன் ஆளிடம் குனிந்தார். "சாப்பிடச் சொல்லு. காசு கொடுத்து. முழுசா."

அந்தச் சேதி வாலிலிருந்து தலைக்குப் போன அழகைப் பார்க்க வேண்டுமே! "அக்கா சாப்பிடச் சொல்றாங்க." "உளறாதே." "நிஜமாத்தான்." "சட்டத்துல இல்லையே?" "மாத்திட்டாங்களாம்!" நடுவில் நின்ற ஒரு புத்திசாலி, யார் அக்கா, என்ன சட்டம் என்று ஒன்றும் புரியாமலேயே சேதியைப் பொறுப்பாக முன்னால் கடத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையாட்டினார்.

காலையிலிருந்து பசியை முகத்தில் காட்டிக்கொண்டு நின்ற ஜனம், அதற்கு முந்தைய எத்தனையோ கடைகளின் பசியையும் சேர்த்து அன்று தீர்த்தது. கடிகாரக்காரர் கடிகாரத்தை மறந்தார். பர்ஸை மறந்த அம்மா பர்ஸோடு ஓடிவந்தார். போன் வந்த புருஷனை அவர் பெண்டாட்டியே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். சாப்பிட்டவர்கள் பழக்கதோஷத்தில் முனை திரும்பிப்போய், சட்டை மாற்றி, மறுபடி கடைசியில் வந்து நின்றார்கள். இந்தத் தடவை இன்னொன்று வாங்க! ரொட்டி தீர்ந்தது. பேக்கரிக்கு ஓடினேன். வெண்ணெய் தீர்ந்தது. மறுபடி ஓடினேன். லிப்ட் மெக்கானிக்காக இருந்து என்ன பிரயோஜனம், அன்று முழுக்க என் கால்தான்.

இதற்குள் ஒரு பெண் போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஊரில் எங்கே என்ன கடை திறந்தது என்று தினமும் செய்தி போடுகிறவள். பர்கர் கடைக்குத்தான் வந்தாள். "எதிர்ல பலூன் இருக்கு, கூட்டம் இங்க இருக்கு! சார், இங்க என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. இவ்ளோ பேர் நிக்கிறாங்கன்னா சும்மாவா?" என்றார், சற்றுமுன் சேதி கடத்திய அதே புத்திசாலி.

அக்கா மட்டும் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். மேனேஜர் வாய்க்கு வந்தபடி பேசினார். என் காதில் விழுந்தது பாட்டுதான். ஆனால் அவர் கை போன போக்கிலிருந்து வார்த்தைகளை ஊகிக்க முடிந்தது. யாருடைய ஒரு சொல்லுக்கும் அடங்காத அக்கா, தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டேன்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறக்கவே எனக்குப் பயம். கூலிக்கு நின்றவர்கள் இல்லை, இனி யார் வருவார்கள்? திறந்தேன். டிரில் மாஸ்டர் நின்றார், தொப்பி இல்லாமல். "இன்னைக்கு எனக்கு லீவு" என்றார். பின்னால் அந்த ஜோடி. அவர்களுக்குப் பின்னால் போனில் செய்தி பார்த்து வந்த முகம் தெரியாதவர்கள். நான் குதித்த குதியில் பலகை ஆடியது.

"மெதுவா, பலகை விழுந்துடப்போகுது" என்றாள் மனைவி. முட்டையை உடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "நேத்து அந்த அம்மா பர்ஸை மறந்தப்பவே எனக்குத் தெரியும்."

நான் ஆடிப்போனேன். "அப்ப ஏன் ஜன்னலைச் சாத்தலை?"

"சாத்தத்தான் போனேன். ஆனா அந்தத் தொப்பிக்காரர் முதல் வாய் வெச்சார் பாரு, அது நடிப்பில்லை. அப்புறம் எதிர்ப்பக்கம் அவ திட்டு வாங்கிட்டு நின்னா." கல்லைத் தேவைக்குமேல் அழுத்தித் துடைத்தாள். "என் அக்காவைத் திட்ட அவன் யாரு?"

வரிசை நகர்ந்தது. ஆள்மேல் ஆள் வந்தார்கள். நான் குனிந்து சில்லறை தேடிவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலில் அக்கா நின்றார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நின்றார், தெரியாது. யாரையும் முந்தாமல், கடைசியில் நின்று, தன் முறைக்கு வந்திருந்தார்.

மனைவி நிமிர்ந்தாள். மற்றவர்களிடம் கேட்பது போலவே கேட்டாள்.

"என்ன வேணும்?"

அக்காவின் கை தானாக நெற்றிக்குப் போனது. "ஐயோ, பர்ஸை..."

"பர்ஸ் இடது கையில இருக்கு. என்ன வேணும்னு சொல்லு."

அக்கா விழித்தார். நகரத்துக் கவுன்ட்டர் அத்தனையும் பார்த்தவர்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. உதடு கோணியது. சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"பசிக்குதுடி. நிஜமாவே பசிக்குது."

மனைவி ஒரு முட்டைக்குப் பதில் இரண்டாக உடைத்து ஊற்றினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு," என்றாள், ரொட்டியைக் கவிழ்த்தபடி. "பின்னாடி ஆள் நிக்குது."