கொள்ளிடத்து மணலில் எழுதிய வடதுருவம்

1. வேட்டி காயப்போட்ட படுதா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் ஒரு நாடகக் கம்பெனியில் சீன் எழுதுபவனாக இருந்தேன். அதற்கு முன் கடைப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன். தலைமைப் பெயிண்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டபடியால், முழுப் படுதா ஒன்று முதன்முதலாக என் கைக்கு வந்தது. அதுவோ வடதுருவம். கதாநாயகன் கப்பல் உடைந்து பனிவெளியில் தனியே அலையும் சோகக் காட்சி. ஆதாரமாக எனக்குக் கிடைத்தது ஒரு பிஸ்கட் டப்பா மூடி. அதில் ஒரு வெள்ளைக் கரடி தெளிவாக நின்றது. பனிமலை இருந்த இடத்தில் துரு ஏறியிருந்தது.

பனி வெள்ளை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே இருபதடி காடாத் துணி முழுவதும் ஜிங்க் வெள்ளையை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசிவிட்டேன். முதலாளி வந்து பார்த்தார்.

"என்னப்பா இது, வேட்டியைக் காயப் போட்டு வச்சிருக்கே?"

"பனிங்க ஐயா."

"பனின்னா பாக்குறவனுக்குக் குளிர வேண்டாமா? எனக்கு வேர்க்குது. வெள்ளிக்கிழமை நாடகம். அதுக்குள்ள குளிரலைன்னா நீ பழையபடி கடைப்பலகைக்கே போயிடு."

அன்று திங்கட்கிழமை.

2. மணல் யாத்திரை

காணாத ஊரைக் கொட்டகைக்குள் அமர்ந்து எழுத இயலாது என்று தீர்மானித்தேன். வடதுருவத்துக்கு ஒப்பான இடம் நம் பக்கத்தில் யாது என்று ஆலோசித்ததில், சித்திரை மாதத்துக் கொள்ளிடம் நினைவுக்கு வந்தது. ஓரத்தில் ஓடும் சிற்றோடை நீங்கலாக, கண்ணுக்கெட்டிய மட்டும் வெண்மணல். மறுநாள் விடியற்காலையில், எங்கள் கம்பெனியில் விளக்குகளைக் கவனித்துவந்த சவரிமுத்துவுடன் புறப்பட்டேன். ஐஸ் பாக்டரியில் வாங்கிய பாளம் ஒன்றை மரத்தூளும் கோணியும் சுற்றிச் சைக்கிளில் கட்டி, சக்கரம் மணலில் புதையப் புதையத் தள்ளிச் சென்றோம்.

"அண்ணே, வடதுருவத்துக்கு வழி இதுதானா? நடுவுல காப்பி கிளப் ஏதாச்சும் உண்டா?"

"பேசாம தள்ளு. துருவம் கரையுது."

பாளத்தை மணலில் இறக்கி, அதன் எதிரே படம் எழுதும் பலகையை நிறுத்தி அமர்ந்தேன். வெயில் ஏறத் தொடங்கியதும் உண்மை விளங்கிற்று. மணல்மேடுகளின் நிழல் கறுப்பன்று, நீலம். ஐஸின் உட்புறம் சோடாப் புட்டியைப் போல் இளம்பச்சை. வெள்ளை என்பது விளிம்புகளில் மட்டுமே இருந்தது. வஜ்ஜிரக் கலவை ஈரத்தில் கறுத்தும், உலர்ந்தபின் வெளுத்தும் காணும். கொட்டகையில் அது உலரும்வரை காத்திருந்துதான் நிறம் சரியா என்று அறிய முடியும். கொள்ளிட வெயிலிலோ தூரிகையை எடுப்பதற்குள் உலர்ந்தது. தவறுகளை அங்கேயே கண்டு, அங்கேயே திருத்தினேன். வடதுருவத்தை எழுதுவதற்குச் சித்திரை வெயிலைப் போன்ற உதவி பிறிதில்லை.

இரண்டாம் நாள் புதிய பாளம் ஒன்று கொண்டுபோயிருந்தோம். ஓடையில் நீராடித் திரும்பிய ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் அருகே வந்து நின்றார்.

"என்ன ஓய், இது எந்த திவ்யதேசம்?"

"வடதுருவங்க, சுவாமி."

"அங்கே பெருமாள் எழுந்தருளியிருக்காரோ?"

"இல்லீங்க. பனிக்கட்டிதான்."

"பெருமாளும் இல்லாத ஊருக்கு எதுக்கு ஓய் இந்த வெயில்ல பிரயாணம்?" என்றவர், போகாமல் ஐஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். "பேஷா இருக்கு. அந்த மலையை மட்டும் எங்கேயோ சேவிச்சாப்பலே இருக்கு" என்று சொல்லிப் போனார்.

அதைப் புகழுரையாகவே எடுத்துக்கொண்டேன்.

3. உச்சியில் ஒரு கரடி

கொட்டகைக்குத் திரும்பி, பலகையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் புதிய துணியில் பெரிதாக்கினேன். வியாழக்கிழமை முதலாளி வந்து பார்த்தார்.

"குளிருதுப்பா" என்றார். பிறகு சிரிப்பில் அவர் தோள்கள் குலுங்கின. "ஆனா அந்த மலை யாருது?"

பத்தடி பின்னே வந்து பார்த்தேன். சாட்சாத் மலைக்கோட்டை. உச்சி மண்டபம் உட்பட ஒன்றும் குறைவில்லை. இரண்டு நாளும் தெற்கு முகமாக அமர்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் அது தெரிந்துகொண்டே இருந்தது. மூடியில் மலை இல்லாத குறையைக் கை தானாகத் தீர்த்துக்கொண்டது.

"உச்சிப்பிள்ளையாரை அங்க கொண்டுபோய்க் குளிர்ல உக்கார வச்சிட்டியே. நாளைக்கு ஜனங்க சிரிச்சா சோகம் போச்சு. நீயும் போக வேண்டியதுதான்."

அழித்தெழுத வழியில்லை. வஜ்ஜிரத்தின் மேல் கனமாக மறுபூச்சுப் பூசினால், படுதாவைச் சுருட்டும்போது பொருக்குப் பொருக்காக உதிரும். சவரிமுத்துதான் சொன்னார்: "அண்ணே, மூடியில ஒரு கரடி சும்மாதானே நிக்குது. அதைத் தூக்கி உச்சியில வைங்க. மண்டபம் மறைஞ்சிடும்." மெல்லிய பூச்சில் அவ்வாறே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை படுதா இறங்கியது. கதாநாயகன் நடுங்கிக்கொண்டே வந்து பாட வாயெடுத்தான். தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "டேய், மலைக்கோட்டையில கரடி ஏறிடுச்சுடா!"

கொட்டகை முழுவதும் சிரிப்பு. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேடையோரத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கதாநாயகன் கெட்டிக்காரன். சிரிப்பு அடங்கும்வரை நின்று, மலையை நோக்கிக் கைகூப்பி, "பிள்ளையாரப்பா, இவ்வளவு தூரம் எனக்குத் துணைக்கு வந்தியா?" என்றான். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அதன்பின் அவன் பாடியபோது, சிரித்த அதே ஜனங்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "மலையைத் தொடாதே. ஆனா கரூருக்கு நாடகம் போறதுக்குள்ள வேற படுதா ஒண்ணு எழுதிக் குடு. அங்க பிள்ளையார் துணைக்கு வர மாட்டார்."

கடைப்பலகைக்கு நான் திரும்பவில்லை. இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இதைக் கூற விரும்புகிறேன்: கட்டத்துக்குள் பார்ப்பவனுக்குக் கட்டம் மட்டுமே தெரியும், அவ்வப்போது பத்தடி பின்னே வந்து பாருங்கள். வெளியே அமர்ந்து எழுதும்போது, எதிரே என்ன இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அன்றுமுதல் எந்த மலையை எழுதினாலும், மலைக்கோட்டைக்கு முதுகைக் காட்டியே அமர்ந்தேன். இருந்தும், பிற்காலத்தில் நான் எழுதிய கைலாயத்தைப் பார்த்தவர்களில் சிலர், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டதுண்டு.